ஷூவைக் கழுவத் தெரியாமல் நான் பட்ட பாடு!



முகத்துக்கு மஞ்சள், தலைமுடிக்குக் கறிவேப்பிலை, பட்டுப்புடவைக்குப் பூந்திக்கொட்டை என்று எத்தனையோ குறிப்புகளை இந்தப் பகுதியில் எழுதுகிறீர்கள். நானும் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். இன்று நான் எழுதப் போவது காலில் போடுகிற ஷூவைப் பற்றி. "போயும் போயும் ஷூவா?" என்று சிரிக்காதீர்கள். இந்த ஷூவால் எங்கள் வீட்டில் ஒரு வாரம் யாருக்கும் சரியான தூக்கமில்லை. என் உயிருக்கே ஆபத்து வரப் பார்த்தது. நான் செய்த தப்பை நீங்கள் யாரும் செய்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தொண்டூர். செஞ்சிக் கோட்டை எல்லோருக்கும் தெரியும்; 2025 ஜூலையில் யுனெஸ்கோகூட அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. அந்தச் செஞ்சிக்குப் பக்கத்தில்தான் நாங்கள் இருக்கிறோம். எங்கள் ஊர்ப் பாறையிலும் சமணப் படுக்கையும் பழங்காலத் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. மற்றபடி நெல்லும் மணிலாவும் விளைகிற சாதாரணக் கிராமம்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது ஞாபகம் இருக்கும். கரையைக் கடந்த பிறகும் நகராமல் நின்று, எங்கள் விழுப்புரம் மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. எங்கள் தெருவிலும் முழங்கால் அளவு தண்ணீர். அரிசி மூட்டையையும் டி.வி.யையும் பிள்ளைகளின் புத்தகப் பையையும் பரண் மேல் ஏற்றினோம். திண்ணைக்குக் கீழே வைத்திருந்த ஷூக்களை யாருமே நினைக்கவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் மூன்று ஜோடி ஷூவும் சேற்றில் புதைந்து கிடந்தது. ஒன்று, ஐந்தாவது படிக்கிற என் மகனுடைய வெள்ளை கேன்வாஸ் ஷூ. இரண்டாவது, ஒன்பதாவது படிக்கிற என் மகளுடைய ஓட்டப் பந்தய ஷூ. மூன்றாவது, என் வீட்டுக்காரருடைய கறுப்புத் தோல் ஷூ. அவர் திண்டிவனம் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருக்கிறார். ஷூ போடாமல் டூட்டிக்குப் போக முடியாது.

மூன்றையும் புதிதாக வாங்குவதென்றால் ரெண்டாயிரத்துக்கு மேல் ஆகும். மழையில் சுவர் இடிந்து, மணிலாவும் அழுகிப்போன மாசத்தில் அந்தக் காசுக்கு எங்கே போவது? அதிலும் மகளுடைய ஷூ, நான் சீட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்து 900 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தது. மழையால் தள்ளி வைத்திருந்த ஓட்டப் போட்டி பத்து நாளில் வருகிறது. "அம்மா, ஷூ இல்லாம நான் எப்படிம்மா ஓடறது?" என்று அது அழ ஆரம்பித்துவிட்டது. "அழாத பாப்பா, அம்மா புதுசு மாதிரி ஆக்கித் தரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, எனக்கு ஷூ கழுவி என்ன பழக்கம்? நான் பத்தாவது முடிக்கிற வரைக்கும் காலில் ரப்பர் செருப்புதான்.

மூணு ஜோடி, மூணு தப்பு

முதல் தப்பு வெள்ளை ஷூவில். சேற்றுக் கறை எத்தனை தேய்த்தும் போகவில்லை. வெள்ளம் வடிந்ததும் தெருவுக்குப் போட்ட ப்ளீச்சிங் பவுடரில் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தேன். வெளியே தூறல் என்பதால் பாத்ரூமுக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அதைத் தண்ணீரில் கரைத்து ஊற வைத்தேன். அப்போதும் கறை போகவில்லை. பக்கத்தில் கக்கூஸ் கழுவுகிற ஆசிட் இருந்தது. இது கொஞ்சம், அது கொஞ்சம் சேர்ந்தால் பளிச்சென்று ஆகும் என்று அதையும் ஊற்றினேன்.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! புஸ்ஸென்று நுரைத்துக் கிளம்பியது ஒரு நெடி. கண்ணைத் திறக்க முடியவில்லை. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் மிளகாய்த்தூளைக் கொட்டினது போல் எரிச்சல். தாழ்ப்பாள் எங்கே என்று தெரியாமல் தடவினேன். இருமல் சத்தம் கேட்டு என் மாமியார் வந்து கதவைத் தட்ட, எப்படியோ திறந்து வெளியே விழுந்தேன். "என்னாடி பண்ணிக்கினு இருந்த உள்ள?" என்று கத்திக்கொண்டே அத்தை என்னைத் தோட்டத்துக் காற்றுக்கு இழுத்துப் போனார்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. ப்ளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில், 1915-ல், பெல்ஜியம் நாட்டில் ஈப்பர் என்ற ஊரில் எதிரிப் படை மேல் இதே வாயுவைத்தான் திறந்து விட்டார்களாம். சிப்பாய்களைக் கொன்ற விஷத்தை நான் பாத்ரூமில் தயார் பண்ணியிருக்கிறேன்! சகோதரிகளே, இந்த ஒரு வரியை மட்டுமாவது மனதில் வையுங்கள்: ப்ளீச்சிங் பவுடரோடு ஆசிட், வினிகர், எலுமிச்சம்பழம் என்று புளிப்பான எதையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஒரு வேளை நெடி கிளம்பிவிட்டால் அங்கே நின்று எதையும் கழுவிக்கொண்டிருக்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

இவ்வளவு பட்டும் ஷூ வெள்ளையாகவில்லை. ஓரமெல்லாம் மஞ்சள் பாரித்துப்போச்சு. நைலான் கலந்த துணி ப்ளீச்சிங்கில் பழுப்பாகும் என்பது அப்புறம் தெரிந்த பாடம்.

இரண்டாவது தப்பு தோல் ஷூவில். பேண்ட், சட்டை போல அதையும் சோப்புப் பவுடர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டேன். காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைத்து, மடிகிற இடத்தில் வெடிப்பு விட்டது.

மூன்றாவது தப்புதான் என்னை அழ வைத்தது. மகளுடைய ஷூவை நன்றாகவே கழுவினேன். மழை விடாததால் காயவில்லை. சீக்கிரம் காயட்டுமென்று வெந்நீர் அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் எடுத்தால் இடது கால் ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டு தனியே தொங்குகிறது. பாப்பா என்னை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அதை வாங்கிப் பார்த்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

செஞ்சியில் கிடைத்த பாடம்

மறுநாள் மூன்று ஜோடியையும் பையில் போட்டுக்கொண்டு செஞ்சிக்கு பஸ் ஏறினேன். பஸ் நிலையம் பக்கத்தில் செருப்புத் தைக்கிற பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எத்தனையோ தடவை அறுந்த வாரைத் தைத்துக்கொண்டு, காசை நீட்டிவிட்டு வந்திருக்கிறேன். முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்றைக்குத்தான், "அண்ணே, இது என் பொண்ணு ஓடற ஷூ. எப்படியாவது சரி பண்ணிக் குடுங்கண்ணே" என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன்.

அவர் திருப்பிப் பார்த்தார். "அடுப்புகிட்ட வச்சியாம்மா?" என்று கேட்டார்! பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "இப்பல்லாம் இந்த மாதிரி ஷூவுல தையல் கெடையாதும்மா. எல்லாம் பசை. சூடு பட்டா இளகிடும். நெழல்ல, காத்துலதான் காய வைக்கணும்" என்றார்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் நிறைய பேர் கம்பெனி பஸ்ஸில் செய்யாறு சிப்காட்டுக்கு ஷூ செய்கிற வேலைக்குப் போகிறார்கள். எதிர்வீட்டுப் பெண்ணும் அங்கேதான். அதுவும் பிறகு இதையேதான் சொன்னது. மேல் பாகத்தையும் அடிப்பாகத்தையும் பசை பூசி, சூடேற்றி, அழுத்தி ஒட்டுவார்களாம். சூட்டில் ஒட்டியது சூட்டிலேயே விட்டுப் போகிறது. நம் ஊர்ப் பெண்கள் கையால் செய்கிற ஷூ உலகமெல்லாம் போகிறது. அதைக் கழுவ எனக்குத் தெரியவில்லை பாருங்கள்!

தோல் ஷூவைப் பார்த்துத்தான் பெரியவருக்கு வருத்தம். "தோலுக்குள்ள எண்ணெய்ப் பசை இருக்கும்மா. அதுதான் அதுக்கு உசுரு. சோப்புத் தண்ணியில ஊறினா அது போயிடும். அப்புறம் வெறும் சக்கைதான்" என்றார். அவருடைய தாத்தா காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுவார்களாம். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ பறிக்கிற நமக்கு, அந்தச் செடியின் பட்டைக்கு இப்படி ஒரு வேலை இருப்பது தெரிவதில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று தோலுக்குப் பேர் போன ஊர்கள் நம் மாநிலத்தில்தான் இருக்கின்றன. 1948-லேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தைச் சென்னை அடையாறில் அமைத்தார்கள். இத்தனை படிப்பும் தொழிலும் அடங்கிய பொருளைத்தான் நாம் வாசலில் உதறிவிட்டு வருகிறோம்.

மகள் ஷூவைப் பசை போட்டு ஒட்டி, மேலே சுற்றிலும் தையலும் போட்டுக் கொடுத்தார். தோல் ஷூவுக்கு விளக்கெண்ணெய் தடவி இரண்டு நாள் விடச் சொன்னார். எல்லாவற்றுக்கும் 120 ரூபாய்தான் வாங்கினார். அவரிடம் கேட்டதையும், அதற்குப் பிறகு நானே செய்து பார்த்ததையும் கீழே எழுதுகிறேன். எல்லாம் சமையல்கட்டிலும் குளியலறையிலும் இருக்கிற சாமான்கள்தான்.

வெள்ளை கேன்வாஸ் ஷூவுக்கு

* சேறு ஈரமாக இருக்கும்போது தேய்க்காதீர்கள். இன்னும் உள்ளே இறங்கும். நன்றாகக் காய விட்டு, இரண்டு ஷூவையும் ஒன்றோடொன்று தட்டி, காய்ந்த பிரஷ்ஷால் உதறினால் பாதி அழுக்கு போய்விடும்.

* நாடாவையும் உள்ளே இருக்கிற அட்டையையும் தனியே எடுத்துவிடுங்கள். அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். ஷாம்பு இல்லாவிட்டால் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் நன்றாக நுரைக்கும்.

* போகாத கறைக்கு ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, அரை மணி கழித்துத் தேய்க்கவும்.

* ரப்பர் ஓரத்துக்குப் பல் தேய்க்கிற வெள்ளைப் பேஸ்ட் போதும். கலர் ஜெல் வேண்டாம்.

* நாடா கோக்கிற ஓட்டையைச் சுற்றித் துருக்கறை இருந்தால் எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் வைத்துத் தேய்த்து, உடனே அலசவும்.

* மஞ்சள் பாரிப்பதற்குக் காரணம் பல நேரம் சோப்பு மிச்சம் இருப்பதுதான். நுரை போகிற வரை மூன்று தண்ணீர் அலசவும். பிறகு ஷூவின் மேல் எழுத்தில்லாத வெள்ளைத்தாளை ஈரத்தோடு ஒட்டி நிழலில் வைத்தால், மஞ்சள் கறை தாளில் ஏறிக்கொள்ளும். இப்படிச் செய்துதான் என் மகன் ஷூவை ஓரளவுக்குக் காப்பாற்றினேன். மிச்சம் இருந்த கறைக்கு, அந்தக் காலத்துப் பிள்ளைகள் செய்த மாதிரி சாக்பீஸைத் தேய்த்துவிட்டேன்!

ஓடுகிற ஷூவுக்கு

* வாளித் தண்ணீரில் ஊற வைக்கவே கூடாது. ஷாம்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும்.

* பழைய நியூஸ் பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். இரண்டு மணிக்கு ஒரு முறை பேப்பரை மாற்றினால் மழைக்காலத்திலும் ஒன்றரை நாளில் காய்ந்துவிடும். அடுப்பு, சூடான இஸ்திரிப் பெட்டி, உச்சி வெயில் மூன்றும் ஆகாது.

* நாற்றத்துக்கு: உடம்பிலேயே உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றனவாம். வியர்வைக்குத் தனியாக நாற்றம் இல்லை. அதைத் தின்று பெருகுகிற கிருமிதான் புளித்த வாடையைக் கிளப்புகிறது. ஆப்ப சோடா புளிப்பை முறிக்கும். ஒரு ஸ்பூன் சோடாவைப் பழைய சாக்ஸில் முடிந்து ராத்திரி உள்ளே போட்டு, காலையில் எடுத்துவிடவும். சாக்ஸைத் தினமும் துவைக்காமல் ஷூவை மட்டும் கழுவிப் பயனில்லை.

தோல் ஷூவுக்கு

* ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

* வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து துடைக்கலாம். எங்கள் ஊர்க் கிணற்று உப்புத் தண்ணீருக்கு இது நன்றாகக் கேட்கிறது.

* எண்ணெய் சிந்திவிட்டால் துடைத்துப் பரப்பாதீர்கள். முகப்பவுடரையோ சாக்பீஸ் தூளையோ தூவி, ராத்திரி விட்டு, காலையில் தட்டிவிடவும்.

* தோல் விறைத்திருந்தால் துணியில் இரண்டே சொட்டு விளக்கெண்ணெய். அதிகமானால் தூசி ஒட்டும், நிறமும் கறுக்கும். வாழைப்பழத் தோலால் தேய்த்தால் பளபளக்கும் என்று சொல்வார்கள். நான் செய்து பார்த்தேன். பளபளத்தது உண்மைதான், மறுநாள் ஷூ நிறைய எறும்பு!

* கடைசியில் பாலீஷ். கொஞ்சமாகப் பூசி, பத்து நிமிஷம் விட்டு, பழைய பனியன் துணியால் தேய்க்கவும். பாலீஷில் இருக்கிற மெழுகுதான் தண்ணீரைத் தடுக்கிறது. கிவி பாலீஷை ஆஸ்திரேலியாவில் 1906-ல் ஆரம்பித்த வில்லியம் ராம்சே, தன் மனைவி நியூசிலாந்துக்காரர் என்பதால் அந்நாட்டுப் பறவையின் பெயரை வைத்தாராம். பாலீஷ் டப்பாவிலும் ஒரு குடும்பக் கதை!

* மெத்தென்று பூனை முடி மாதிரி இருக்கிற தோல் ஷூ என்றால் தண்ணீரே வேண்டாம். காய்ந்த பிரஷ்ஷும் பிள்ளைகளின் அழிரப்பரும் போதும்.

வெள்ளச் சேற்றில் நனைந்த ஷூவைத் தொடும்போது கையில் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் வெட்டுக்காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எங்களைப் போலப் பாறையும் புதருமான ஊரில் இருப்பவர்கள் ஷூவைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் காலை விட வேண்டும். தேளோ பூரானோ உள்ளே சுருண்டிருக்கும்.

கடைசியாக ஒன்று. நான் ஷூவைக் கழுவ உட்கார்ந்த முதல் நாள், "பொம்பளை போய்ச் செருப்பைத் தொட்டுக்கினு கெடக்கறா" என்று அத்தை முணுமுணுத்தார். செஞ்சியிலிருந்து வந்து, அந்தப் பெரியவர் ஒரு பார்வையில் என் தப்பைக் கண்டுபிடித்ததையும், பாப்பா ஷூவை மடியில் வைத்துத் தைத்ததையும் சொன்னேன். பதிலே பேசவில்லை. அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்விட்டு வரும்போது செஞ்சியில் இறங்கி, தன் அறுந்த செருப்பைத் தைத்துக்கொண்டு, அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். "நல்ல மனுசன்டி" என்றார். என் அத்தை வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

பாப்பா அந்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் ஓடியது. நாலாவதாக வந்தது. பரிசு இல்லை. ஆனால் ஷூ பிரியவில்லை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்று சிரித்துக்கொண்டே வந்தது பாருங்கள், அதுவே எனக்குப் பரிசு.

இப்போது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஒரு வழக்கம். அவரவர் ஷூவை அவரவர்தான் துடைக்க வேண்டும், வீட்டுக்காரர் உட்பட. என் வேலை பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துக் கொடுப்பதோடு சரி. ஆசிட் பாட்டில் தனி அலமாரியில், ப்ளீச்சிங் பவுடர் தோட்டத்துக் கொட்டகையில். இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்கவே விடுவதில்லை!

நீங்களும் இன்றே உங்கள் பாத்ரூம் அலமாரியைத் திறந்து பாருங்கள், சகோதரிகளே.

- ஓர் இல்லத்தரசி, தொண்டூர், விழுப்புரம் மாவட்டம்.